எந்த அச்சு என்று சொல்லாத விலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய விளையாட்டு அட்டைகள் வெளிநாடுகளில் கோடிக்கணக்கான ரூபாய்க்கு விலைபோவது குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். 2022 மார்ச் மாதம் அமெரிக்க ஏலமொன்றில் ‘சாரிசார்ட்’ என்னும் போக்கிமான் (கற்பனை உயிரினங்களை வைத்து ஆடும் ஜப்பானிய விளையாட்டு) அட்டை 4,20,000 டாலருக்கு, அதாவது மூன்று கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகைக்கு, விற்பனையானதைக் கட்டுரையாளர் சரியாகவே குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் செய்திக்கு அருகே தாங்கள் வெளியிட்டிருந்த படம் அந்த அட்டையின் படம் அன்று. அதே பறவைநாகம், அதே நெருப்பு, அதே எண், அதே எழுத்துகள்தாம். எனினும் அது வேறோர் அச்சைச் சேர்ந்தது. படத்திலிருக்கும் அட்டை எவரிடமாவது இருந்து, செய்தியிலிருக்கும் விலையை அவர் நம்பினால், அவர் ஏமாறுவார் அல்லது பிறரை ஏமாற்றுவார். இதைச் சொல்லவே இக்கடிதம்.

சிவகாசியில் 34 ஆண்டுகள் ஆஃப்செட் இயந்திரத்தோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். நாட்காட்டி, தீப்பெட்டி லேபிள், மிட்டாய் உறை, பள்ளி நோட்டு அட்டை என்று கைக்கு வராத வேலை கிடையாது. அட்டை சேர்க்கும் வழக்கம் எனக்கு என்றும் இருந்ததில்லை. சென்னையில் மென்பொருள் பணியிலிருக்கும் என் தங்கை மகன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் 85,000 ரூபாய் கொடுத்து ஓர் அட்டையை வாங்கிவந்து, ‘மாமா, உங்கள் லென்ஸை எடுத்துக்கொண்டு வாருங்கள்’ என்று என் முன்னால் வைத்த நாளிலிருந்துதான் இந்த உலகத்தை எட்டிப் பார்க்கத் தொடங்கினேன். எட்டிப் பார்த்தவனுக்கு வியப்பே மிஞ்சியது. நாங்கள் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று ‘வேஸ்ட்’ என்று ஒதுக்கிய தாள்களின் இலக்கணத்தைத்தான் இவர்கள் எழுத்தெண்ணிப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் அந்த சாரிசார்ட். போக்கிமான் அட்டைகள் ஜப்பானில் 1996-இல் வெளிவந்தன. அவற்றின் ஆங்கிலப் பதிப்பை 1999 ஜனவரியில் ‘விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ என்னும் அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது. ‘பேஸ் செட்’ எனப்படும் அந்த முதல் தொகுதியில் 102 அட்டைகள். சாரிசார்ட் அதில் நான்காவது. முதலில் அச்சான அட்டைகளில் படத்தின் கீழே இடப்பக்கம் ‘முதற்பதிப்பு’ என்பதைக் குறிக்கும் சிறிய கறுப்பு முத்திரை உண்டு. அடுத்து வந்தவற்றில் முத்திரை இல்லை. மற்றபடி வடிவமைப்பு அதுவேதான். அதன் பிறகு அட்டையின் வடிவமைப்பையே சற்று மாற்றினார்கள். படச்சட்டத்தின் வலப்பக்க விளிம்பில், சட்டம் அட்டையிலிருந்து எழும்பி நிற்பதுபோல் தோன்றுவதற்காக ஒரு மெல்லிய நிழலைச் சேர்த்தார்கள். வண்ணங்கள் அடர்த்தியாயின. அடியிலுள்ள காப்புரிமை வரியில் முன்பு ‘1995, 96, 98, 99’ என்றிருந்தது ‘1995, 96, 98’ என்று சுருங்கிற்று. இந்த நிழலுள்ள அட்டைதான் பெருந்தொகையாக அச்சடிக்கப்பட்டது. சேர்ப்பவர்கள் இதை ‘அன்லிமிடெட்’ என்றும், நிழலற்ற முந்தியதை ‘ஷேடோலெஸ்’ என்றும் அழைக்கிறார்கள். ஏலத்தில் 4,20,000 டாலர் பெற்றது முத்திரையும் உடையது, நிழலும் இல்லாதது, அதற்கும் மேல் தர மதிப்பீட்டில் பத்துக்குப் பத்து வாங்கியது. தாங்கள் வெளியிட்ட படத்தில் முத்திரை இல்லை, நிழல் இருக்கிறது. ஒரே நிலையில் பாதுகாக்கப்பட்ட இந்த இரண்டு அட்டைகளின் விலையை ஒப்பிட்டால் ஒன்று மற்றொன்றைப்போல் பல மடங்காக இருக்கும்.

என் தங்கை மகன் வாங்கிய அட்டையில் முத்திரை இருந்தது. ஆனால் லென்ஸை வைத்துப் பார்த்தபோது சட்டத்தின் வலப்பக்கத்தில் நிழலும் இருந்தது. காப்புரிமை வரியில் 99-ஐக் காணோம். முதற்பதிப்பு சாரிசார்டில் நிழல் கிடையாது என்பதால், ஒன்றோடொன்று சேரவே முடியாத இரண்டு அடையாளங்கள் அந்த ஒரே அட்டையில் சேர்ந்திருந்தன. அட்டை உண்மையானதுதான், பின்னாளில் அச்சானது. முத்திரையை மட்டும் யாரோ பிற்பாடு ஒட்டவைத்திருக்கிறார்கள், அதன் கறுப்பு அட்டையின் மற்ற எழுத்துகளின் கறுப்போடு ஒத்துப்போகவில்லை. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. வாங்கியவனைக் கடிந்துகொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை; ‘முத்திரை இருந்தால் முதற்பதிப்பு’ என்று அவன் படித்த செய்திகளெல்லாம் சொல்லியிருந்தன, நிழலைப் பற்றி ஒன்றுகூடச் சொல்லவில்லை.

முத்திரையே விலை என்று எண்ணுவதும் தவறு. அதே தொகுதியில் ‘மச்சாம்ப்’ என்றோர் அட்டை உண்டு. புதிதாக ஆடத் தொடங்கும் இருவருக்காக விற்கப்பட்ட பெட்டியில் அது இடம்பெற்றது. மற்ற அட்டைகளில் முத்திரையை நீக்கிய பிறகும் இதில் நீக்கவில்லை. எனவே நிழலுள்ள மச்சாம்பிலும் முதற்பதிப்பு முத்திரை காணப்படுகிறது. ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும் முத்திரைக்கு எவர் கூடுதலாகக் கொடுப்பார்? வீட்டில் பழைய மச்சாம்ப் ஒன்றைக் கண்டெடுத்து, முத்திரையைப் பார்த்துக் கோடீசுவரன் ஆனதாகக் கனவு கண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பிக்காச்சு என்னும் மற்றொரு போக்கிமானின் அட்டையில் வேறொரு கதை: தொடக்கத்தில் அச்சானவற்றில் கன்னங்கள் சிவப்பு, பிறகு மஞ்சள். முத்திரையுள்ள முதற்பதிப்பிலேயே இரண்டு வகையும் கிடைக்கின்றன. சிவப்புக் கன்னத்துக்கே மதிப்பு அதிகம். ஒரே பதிப்புக்குள் அச்சுப் பிளேட்டை மாற்றினால் இப்படித்தான் ஆகும். ஏட்டுச்சுவடிகளில் பாடபேதம் என்று நம் புலவர்கள் குறித்துவைத்தார்களே, அதைப்போல இதை அச்சுபேதம் என்று சொல்லலாம்.

இந்தப் பேதங்கள் எப்படி உண்டாகின்றன என்பதை அச்சகத்தில் நின்றவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். நான்கு வண்ணங்களும் நான்கு பிளேட்டுகளிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. ஏதேனும் ஒரு பிளேட்டின்மீது ஒரு துண்டுக் காகிதமோ வேறு பொருளோ ஒட்டிக்கொண்டால், அவ்விடத்தில் அந்த வண்ணம் மட்டும் தாளில் விழாது. இயந்திரக்காரர் கவனிக்கும்வரை ஓடும் தாள்கள் எல்லாவற்றிலும் அதே குறை இருக்கும். அமெரிக்காவின் ‘டாப்ஸ்’ நிறுவனம் 1990-இல் வெளியிட்ட ஃபிராங்க் தாமஸ் என்னும் பேஸ்பால் வீரரின் அட்டையில் இதுவே நடந்தது. சில அட்டைகளில் அவருடைய பெயர் அச்சாகவில்லை. முதலில் இதைப் பெயரை மறந்துவிட்ட பிழை என்று எண்ணினார்கள். பிறகு, பல அட்டைகளைச் சேர்த்து அச்சிட்டு வெட்டும் அதே ஷீட்டில் அதற்கு அருகே இருந்த வேறு சில வீரர்களின் அட்டைகளிலும் கறுப்பு மை மட்டும் விடுபட்டிருப்பதைக் கண்டு, அட்டைகளை ஷீட்டில் இருந்த வரிசைப்படி அடுக்கிப் பார்த்து, எந்த இடத்தில் மறைப்பு விழுந்தது என்பதைச் சேகரிப்பாளர்களே கணித்துவிட்டார்கள். இதைப் படித்தபோது அவர்களில் எவரேனும் எங்கள் அச்சகத்தில் தரம் பார்க்கும் வேலைக்கு வந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. பெயருள்ள அட்டை சில டாலர்களுக்குக் கிடைக்கும். பெயரில்லாததற்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்க வேண்டும். பக்கத்திலிருந்த மற்ற வீரர்களின் குறையுள்ள அட்டைகளும் அதே அளவு அரியவைதாம், ஆயினும் அவற்றுக்கு அந்த விலை இல்லை. தாமஸ் பின்னாளில் பெரிய ஆட்டக்காரர் ஆனார் என்பதும், பெயர் இல்லாமை கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது என்பதும் காரணம்.

பிழையைத் திருத்தினால் பிழையுள்ளதுதான் அரிதாகும் என்று நாம் எண்ணுவோம். எப்போதும் அப்படி இல்லை. ‘ஃபிளியர்’ நிறுவனம் 1989-இல் வெளியிட்ட பில்லி ரிப்கன் என்னும் பேஸ்பால் வீரரின் அட்டையில், அவர் தோளில் சாய்த்திருந்த மட்டையின் அடிக்குமிழில் ஓர் ஆபாசச் சொல் எழுதியிருந்ததை எவரும் கவனிக்காமல் அச்சிட்டுவிட்டார்கள். விவகாரம் வெடித்ததும் அதை மறைக்க ஒரே வழியை அவர்கள் கையாளவில்லை: சிலவற்றில் வெள்ளை மையால் மூடினார்கள், சிலவற்றில் கிறுக்கினார்கள், கடைசியில் ஒரு கறுப்புக் கட்டத்தைப் போட்டு முடித்தார்கள். கறுப்புக் கட்டம் தாராளமாகக் கிடைக்கிறது. மூலப்பிழையும் கிடைக்காத பொருள் அன்று, ஏனென்றால் செய்தி பரவியபோது எல்லாரும் அதையே தேடிப் பாதுகாத்தார்கள். இடையில் சிறிது காலம் மட்டும் ஓடிய வெள்ளை மை அட்டைதான் இன்று அரிதாகியிருக்கிறது. ‘பிழை அச்சு’ என்று மட்டும் எழுதி விலை சொல்பவர்களிடம், எந்தப் பிழை, எந்தத் திருத்தம் என்று கேட்டே ஆக வேண்டும்.

அட்டை உலகத்துக்கு வெளியேயும் இந்த நோய் பழையதுதான். 1854-இல் கல்கத்தாவில் இரண்டு வண்ணங்களில் அச்சிட்ட நான்கு அணா தபால் தலையில், சில பிரதிகளில் விக்டோரியா அரசியின் தலை தலைகீழாக விழுந்துவிட்டது. ஒரு வண்ணத்துக்கு ஒரு முறை எனத் தாளை இருமுறை செலுத்தும்போது, இரண்டாம் முறை தாள் திரும்பிப் போயிருக்க வேண்டும். நான் கற்ற காலத்தில் இப்படி ஒரு தாளைத் திருப்பிவிட்டால் காதைத் திருகுவார்கள்.

இனி வெட்டுதல். அச்சு என்றால் மை மட்டும் அன்று என்பதை வெளியார் பலர் அறிவதில்லை. ‘மேஜிக்: தி கேதரிங்’ என்னும் அட்டை விளையாட்டு 1993 ஆகஸ்டில் வெளிவந்தது, பெல்ஜியத்தின் ‘கார்ட்டா முண்டி’ அச்சகம் அச்சிட்டது. ‘ஆல்ஃபா’ எனப்படும் அந்த முதல் அச்சின் மூலைகள், அடுத்து வந்த ‘பீட்டா’வின் மூலைகளைவிட அதிகம் உருண்டிருக்கும். படமும் கறுப்பு ஓரமும் இரண்டுக்கும் ஒன்றே. மாறியது அட்டையை வெட்டும் டை மட்டுமே. அந்தக் கூடுதல் உருட்சியை வைத்துத்தான் ஒரே ‘பிளாக் லோட்டஸ்’ அட்டை ஆல்ஃபாவாக இருந்தால் ஒரு விலை, பீட்டாவாக இருந்தால் அதற்குக் குறைந்த விலை. ஆல்ஃபாவில் ஒவ்வொரு அரிய அட்டையும் சுமார் 1,100 படிகள், பீட்டாவில் சுமார் 3,200, அதன் பின் வெள்ளை ஓரத்தோடு வந்த ‘அன்லிமிடெட்’ அச்சில் சுமார் 18,500 என்று இத்துறையினர் கணக்கிடுகிறார்கள். எண்ணிக்கையும் விலையும் இங்கே ஒன்றுக்கொன்று நேரெதிராக நடக்கின்றன.

கனடாவில் இதைவிட விந்தை. 1979-இல் வெயின் கிரெட்ஸ்கி என்னும் ஐஸ் ஹாக்கி வீரரின் முதல் அட்டை அமெரிக்காவில் டாப்ஸ் பெயரிலும், கனடாவில் ‘ஓ-பீ-ச்சீ’ என்னும் நிறுவனத்தின் பெயரிலும் ஒரே புகைப்படத்தோடு வந்தது. கனடிய அட்டைகளைக் கத்தியால் வெட்டாமல் கம்பியால் அறுத்தார்களாம். அதனால் ஓரங்கள் சொரசொரப்பாக இருக்கும். எந்த அச்சகத்திலும் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் வேலை அது. அங்கே அந்தச் சொரசொரப்பே அட்டை கத்தியிடம் சிக்கவில்லை என்பதற்குச் சான்றாகிவிட்டது. நன்றாகக் காப்பாற்றப்பட்ட ஒரு கனடியப் படி 2021-இல் 37,50,000 டாலருக்கு விற்பனையாயிற்று.

கத்தி செய்த கேட்டுக்குப் பெயர்பெற்ற சான்று ஹோனஸ் வாக்னர் என்னும் பேஸ்பால் வீரரின் அட்டை. 1909-க்கும் 1911-க்கும் இடையில் அமெரிக்கப் புகையிலை நிறுவனம் சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்துக் கொடுத்த ‘டி206’ வரிசையைச் சேர்ந்தது அது. வாக்னரின் அட்டை தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டதால் இன்று எஞ்சியிருப்பவை அறுபது வரையில்தான். ஒன்று 2022-இல் 72,50,000 டாலருக்குப் போனது. அவற்றுள் மிகச் சிறந்ததெனப் பல்லாண்டு போற்றப்பட்ட ஒரு படி, பி.எஸ்.ஏ. என்னும் தர மதிப்பீட்டு நிறுவனம் 1991-இல் முதன்முதலாக மதிப்பிட்ட அட்டை. அதற்கு எட்டு மதிப்பெண் கொடுத்தார்கள். 2007-இல் 28 லட்சம் டாலருக்கு விற்ற அந்த அட்டையின் ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதாக, அதை முன்னர் விற்ற ஏலக்காரர் 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். இந்த வரிசையின் மற்றொரு சிறப்பு பின்பக்கம். முன்பக்கத்தில் அதே வீரர், அதே படம். பின்பக்கத்தில் மட்டும் பீட்மான்ட், ஸ்வீட் கேபோரல், போலார் பேர், டிரம், உசிட் என்று வெவ்வேறு புகையிலைப் பொருள்களின் பெயர்கள். பீட்மான்ட் எங்கும் கிடைக்கும், டிரம் அரிது. ஆகவே அட்டையைத் திருப்பிப் பார்க்காமல் எவரும் விலை பேசுவதில்லை.

ஆனால் பேதம் இருந்தாலே விலை ஏறிவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1952-ஆம் ஆண்டு டாப்ஸ் வெளியிட்ட மிக்கி மேன்டில் என்னும் பேஸ்பால் வீரரின் அட்டை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஷீட்டில் அது இரண்டு இடங்களில் இருந்ததால் இரண்டு வகையாக அச்சாயிற்று. பின்பக்கத்திலுள்ள பந்தின் தையல் ஒன்றில் ஒரு திசையையும் மற்றொன்றில் எதிர்த்திசையையும் காட்டும். ஆராய்கிறவர்கள் இதை நன்கு அறிவார்கள். விலையில் பெரிய வேறுபாடு இல்லை, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் கிடைப்பதால். விற்காமல் தேங்கிய அந்த ஆண்டின் அட்டைகளை 1960-இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதும், ஐம்பது அறுபது ஆண்டுகள் சிறுவர்கள் கைபடாமல் தப்பிய படிகள் சிலவே என்பதும்தான் அந்த அட்டைக்கு 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலரைக் கொண்டுவந்தன. போக்கிமானிலும் இதே நிலை உண்டு: ‘1999-2000’ என்ற காப்புரிமை வரியோடு பிரிட்டனுக்காக அச்சான சாரிசார்ட், நிழலுள்ள பொது அச்சைவிடக் குறைவாகக் கிடைப்பது. இருந்தும் அது கடைசியாக வந்தது. முதலில் வந்ததற்கு மக்கள் கொடுக்கும் மரியாதையைக் கடைசியில் வந்தது பெறுவதில்லை. நிழலற்றதன் விலையை அது எட்டவில்லை.

அச்சகத்தின் தவற்றினாலோ அவசரத்தினாலோ பிறந்த அருமையை இதுவரை சொன்னேன். இப்போது நிறுவனங்கள் அருமையைத் திட்டமிட்டே அச்சிடுகின்றன. ஒரே வீரரின் ஒரே படத்தை வெள்ளிப் பளபளப்பு, சிவப்பு, தங்கம் என்று பல வண்ணப் பூச்சுகளில் அடித்து, 99-இல் இத்தனையாவது, ஐந்தில் இத்தனையாவது என்று எண் போட்டு, கடைசியில் ஒன்றே ஒன்றை மட்டும் அச்சிட்டு ஏதோ ஒரு பொட்டலத்துக்குள் ஒளித்துவைக்கிறார்கள். மைக் டிரவுட் என்னும் பேஸ்பால் வீரரின் 2009-ஆம் ஆண்டு அட்டையில் அப்படிப்பட்ட ஒற்றைப்படி 2020-இல் 39 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. இதில் மோசடி ஏதும் இல்லை. எண்ணிக்கையை வெளிப்படையாக அட்டையிலேயே சொல்லிவிடுகிறார்கள். எனினும் கறுப்பு மை தவறிய ஃபிராங்க் தாமஸ்மீது எனக்கு ஏற்படும் பரிவு இவற்றின்மீது ஏற்படவில்லை. ஒற்றைப்படிக்காகப் பொட்டலம் பொட்டலமாக வாங்கிக் கிழிக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது திருவிழாக் கடையின் அதிர்ஷ்டச் சீட்டுதான் நினைவுக்கு வருகிறது.

நம் ஊரிலோ நிலைமை வேறு. எழுதுபொருள் கடைகளில் தொங்கும் தங்க நிறப் போக்கிமான் அட்டைக் கட்டுகள் எந்த அச்சையும் சேர்ந்தவை அல்ல. உரிமம் இன்றி அடிக்கப்பட்ட போலிகள். பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போகட்டும், அதில் குற்றம் காண வேண்டாம். ஆனால் கோடிக்கணக்கில் விலை என்ற செய்தியைப் படித்த பெற்றோர் ஒருவர் அந்தக் கட்டைப் பத்திரப்படுத்தினால் அது வீண். உண்மையான அட்டையை வாங்குவோர், மதிப்பீட்டு நிறுவனத்தின் சீட்டில் மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் எந்த அச்சு என்று எழுதியிருக்கிறது என்பதையும் படிக்க வேண்டும். சீட்டின் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் சரிபார்க்கவும் வேண்டும், ஏனெனில் அந்நிறுவனம் அட்டையை அடைத்துத் தரும் பெட்டியையும் சீட்டையும்கூடப் போலியாகச் செய்கிறார்கள்.

தங்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவே. இத்தகைய விலைச் செய்திகளை வெளியிடும்போது அட்டையின் பெயர், ஆண்டு, விலை ஆகியவற்றோடு எந்த அச்சு, எந்தத் தரம் என்ற இரண்டையும் சேர்த்து வெளியிடுங்கள். அதற்கு ஒரு வரிக்கு மேல் இடம் தேவைப்படாது. சென்ற வாரப் படத்துக்கான திருத்தத்தில், நிழலுள்ள சாரிசார்டையும் நிழலற்ற சாரிசார்டையும் அருகருகே வைத்துக் காட்டினால் வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும். ஒரே ஒரு சிறு எச்சரிக்கை: செய்தித்தாள் காகிதத்தில் மை ஊறிப் பரவும் என்பதால், படத்தைத் தபால் தலை அளவுக்குச் சுருக்கினால் அந்த மெல்லிய நிழல் அடைபட்டு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் குறைந்தது இரண்டு பத்தி அகலமாவது கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆஃப்செட் அச்சக மேற்பார்வையாளர் ஒருவர்,
சிவகாசி.